சின்னத் துளை, பெரிய காயம்: லைப்போசக்‌ஷனில் என்னென்ன ஆபத்துகள்?

லைப்போசக்‌ஷன் என்றால் உடலில் சேர்ந்த கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை. அதைச் செய்துகொண்டவரின் உடலை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை சென்டிமீட்டர் அளவில் நாலைந்து துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தையல், மேலே ஒரு பிளாஸ்திரி. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்தத் துளைகள் வெறும் வாசல்கள். உள்ளே தோலுக்கும் தசைக்கும் நடுவில், வயிறு முழுக்கவோ தொடை முழுக்கவோ, ஒரு உலோகக் குழாய் நூற்றுக்கணக்கான தடவை போய் வந்திருக்கிறது. குழாய் ஓடிய இடமெல்லாம் காயம்தான். தோல் மேலே மூடியிருப்பதால் அந்தக் காயத்தின் பரப்பு கண்ணுக்குப் படுவதில்லை. தோல் எரியாமல் அதன் அடிப்பக்கம் மட்டும் எரிந்துபோன ஒரு தீக்காயத்தைக் கற்பனை செய்தால் ஓரளவு சரியாக இருக்கும்.

இந்தச் சிகிச்சையின் ஆபத்துகள் பெரும்பாலும் அந்த மறைந்த காயத்திலிருந்துதான் கிளைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. அறுவை சிகிச்சை என்றாலே "மேஜையிலிருந்து உயிரோடு எழுந்து வந்தால் போதும்" என்று நினைக்கிறோம். இதில் பல சிக்கல்கள் தலைகாட்டுவதே ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு. அதனால் நேர வரிசைப்படியே பார்ப்போம்: முதல் நாள், முதல் வாரம், அதற்கப்புறம்.

அதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். கொழுப்பை எடுக்கப்போகும் இடத்தில் முதலில் நிறைய திரவத்தை ஏற்றுகிறார்கள். அதில் சலைன் இருக்கும், வலி தெரியாமல் மரக்கச் செய்யும் லிடோகெயின் இருக்கும், ரத்தக் குழாய்களைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் அட்ரினலின் இருக்கும். இடம் விம்மிப் புடைத்து விறைப்பானதும், மழுங்கிய முனையுள்ள குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் ஓட்டிக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். கேனுலா என்பது அந்தக் குழாயின் பெயர்.

இந்த முறைக்கு வந்து சேர மருத்துவம் கொடுத்த விலை சின்னதில்லை. 1920களில் பிரான்ஸில் சார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர் ஒரு நடனக்காரியின் காலில் இருந்த கொழுப்பைச் சுரண்டி எடுக்கப் போனார். ரத்தக் குழாய் சேதமாகி, கால் அழுகி, கடைசியில் காலையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தப் பக்கம் பெரிதாக யாரும் வரவில்லை. 1970களில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சும் முறையைத் தொடங்கினார்கள். 1977 வாக்கில் பாரிஸில் ஈவ்-ஜெரார் இல்லூஸ் மழுங்கிய குழாயைக் கொண்டுவந்தார். கூர்மையான கருவி எதிரே வரும் ரத்தக் குழாயையும் நரம்பையும் அறுத்துக்கொண்டே போகும். மழுங்கிய முனை அவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் போகும். அப்புறம் 1980களின் நடுவில் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் மேலே சொன்ன மருந்துத் திரவ முறையை உருவாக்கினார். திரவம் ஏற்றாமல் செய்த காலத்தில், உறிஞ்சி எடுத்ததில் கால்வாசிக்கு மேல்கூட ரத்தமாக இருந்ததுண்டு. திரவ முறையில் அது ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு இறங்கியது. ஆனால் ரத்தப்போக்கை அடக்கிய அதே திரவம் ஒரு புதுச் சிக்கலையும் கூடவே கூட்டி வந்தது.

முதல் நாள்: மருந்தும் தண்ணீரும்

லிடோகெயின் பழக்கமான மருந்து. பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசிகூடப் பெரும்பாலும் அதுதான். சாதாரணமாக அட்ரினலினோடு கலந்து போடும்போது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை போகலாம் என்பது கணக்கு. லைப்போசக்‌ஷனில் நன்றாக நீர்த்த கரைசலாகக் கொடுப்பதால், கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்று க்ளைன் 1990இல் எழுதினார். பிறகு 55 வரை போகலாம் என்ற வழிகாட்டுதலும் வந்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வழக்கமான வரம்பு 420 மில்லிகிராம் என்றால், இங்கே 2100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உடலுக்குள் போகிறது.

அவ்வளவு மருந்து எப்படித் தாங்குகிறது? கொழுப்புத் திசுவில் ரத்த ஓட்டம் குறைவு, இருக்கிற ரத்தக் குழாய்களையும் அட்ரினலின் சுருக்கிவிடுகிறது. அதனால் மருந்து மெதுமெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். இந்த மெதுவில்தான் வினையும் இருக்கிறது. ரத்தத்தில் லிடோகெயினின் அளவு உச்சத்தைத் தொடுவது மருந்து ஏற்றி ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. காலையில் சிகிச்சை முடிந்து, மாலையில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம். அளவு மீறியிருந்தால் முதலில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் உலோகச் சுவை தட்டும், காதுக்குள் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும், பேச்சு குழறும். அதைக் கவனிக்காமல் விட்டால் வலிப்பு, பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். "மயக்க மருந்து இன்னும் முழுசாத் தெளியலை போல" என்று கூட இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது சகஜம். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல். கல்லீரல் நலிந்தவர்களுக்கும், அதே கல்லீரல் பாதையை அடைத்துக்கொள்ளும் சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள், சில ஆன்டிபயாடிக்குகள் சாப்பிடுபவர்களுக்கும், மற்றவருக்குப் பாதுகாப்பான அளவே அதிகமாகிவிடலாம்.

இந்த நச்சுத்தன்மை முற்றும்போது கொடுக்கும் சிகிச்சைகளில் ஒன்று, ரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புக் கரைசலை ஏற்றுவது. கொழுப்பை எடுக்க வந்தவருக்குக் கொழுப்பையே மருந்தாகக் கொடுக்கும் விசித்திரம். அந்தக் கரைசல் கைவசம் இருக்கிறதா என்பது சிகிச்சை நடக்கும் இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. ஏற்றிய திரவம் முழுவதும் உறிஞ்சும்போது வெளியே வருவதில்லை. பாதிக்கு மேல் உள்ளேயே தங்கி, அடுத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் சேர்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் வழக்கம்போல டிரிப்ஸும் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். மறுபக்கம், நிறையக் கொழுப்பை எடுத்துவிட்டு ஈடுகட்டாமல் விட்டால், ரத்தத்திலிருக்கும் நீர் அந்தப் பெரிய காயத்துக்குள் கசிந்து ரத்த அழுத்தம் விழும். ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் உறிஞ்சினால், அது கொழுப்பும் திரவமும் சேர்ந்த அளவு, அதைப் பேரளவு லைப்போசக்‌ஷன் என்று வகைப்படுத்தி, இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான். "ஒரே நாளில் பத்து லிட்டர்" என்று விளம்பரம் செய்பவர்கள் தங்கள் திறமையைச் சொல்வதாக நினைக்கிறார்கள். எனக்கு அது எச்சரிக்கைப் பலகையாகத்தான் படுகிறது.

முதல் வாரம்: உயிருக்கு ஆபத்தானவை

எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை நடந்த ஏறக்குறைய 5 லட்சம் சிகிச்சைகளைப் பற்றி அழகியல் அறுவை மருத்துவர்களிடம் விசாரித்ததில், 95 மரணங்கள் தெரியவந்தன. அதாவது ஏறக்குறைய 5000 பேரில் ஒருவர். காரணங்களில் முதலிடம் நுரையீரலில் போய் அடைத்த ரத்தக் கட்டிக்கு. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு மரணம் அதனால்தான். அடுத்தது, குழாய் வயிற்றுச் சுவரைத் துளைத்து உள்ளுறுப்பைக் காயப்படுத்தியது. மயக்க மருந்து, கொழுப்பு அடைப்பு, தொற்று, ரத்தப்போக்கு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தன.

2001இல் வந்த இன்னொரு கணக்கெடுப்பு எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. லைப்போசக்‌ஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 47,415 பேருக்கு ஒரு மரணம். அதோடு வேறு அழகியல் அறுவையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் 7,314 பேருக்கு ஒன்று. வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் 'டம்மி டக்' அறுவையையும் சேர்த்தால் 3,281 பேருக்கு ஒன்று. முதலாவதற்கும் கடைசிக்கும் பதினான்கு மடங்கு வித்தியாசம். "ஒரே மயக்கத்தில் எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்பது கேட்க வசதியாக இருக்கும். அந்த வசதிக்குப் பின்னால் இருப்பது நீண்ட நேர மயக்கம், பெரிய காயம், எழுந்து நடக்கத் தாமதம்.

நடப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இருக்கும் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. பல மணி நேரம் அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கி, காலின் ரத்தக் குழாய்க்குள் கட்டியாக உறையும். அது அறுந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சிலருக்கு நேராக மரணம். முன்பு ரத்தக் கட்டி வந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்கள், உடல் பருமன் அதிகமுள்ளவர்கள் ஆகியோருக்கு இது வர வாய்ப்பு கூடுதல். ஆபத்து முதல் இரவோடு போய்விடுவதுமில்லை. சில வாரங்கள் வரை நீடிக்கும். அறுவை முடிந்த அன்றே கைத்தாங்கலாக நடக்கவிடுவது இதற்காகத்தான். வெளிநாட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு, சில நாளிலேயே நீண்ட விமானப் பயணத்தில் திரும்புவது இந்த விஷயத்தில் மிக மோசமான ஏற்பாடு.

கொழுப்பு அடைப்பு வேறு ரகம். உடைந்த கொழுப்பணுக்களிலிருந்து வெளிவரும் கொழுப்புத் துளிகள் கிழிந்த ரத்தக் குழாய்க்குள் நுழைந்து, நுரையீரலுக்கும் மூளைக்கும் போகின்றன. பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் மூச்சுத்திணறல், மனக்குழப்பம், மார்பிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் எனத் தெரியும். சாதாரண லைப்போசக்‌ஷனில் இது அரிது. எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்திப் பெரிதாக்கும் சிகிச்சையில்தான் இதன் கோர முகம் தெரிந்தது. பிட்டத் தசைக்குள் பெரிய ரத்த நாளங்கள் ஓடுகின்றன. ஊசி தசைக்குள் போய் நாளம் கிழிந்தால், கொழுப்பு கட்டிக்கட்டியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடும். 2017இல் வந்த ஆய்வில் இதன் மரண விகிதம் 3000இல் ஒன்று என்ற அளவில் மதிப்பிடப்பட்டது. அதன் பிறகு, தசைக்குள் கொழுப்பைச் செலுத்தவே கூடாது, தோலுக்கு அடியில் மட்டும்தான் என்று அறுவை மருத்துவர் சங்கங்கள் கூட்டாக எச்சரித்தன.

குடல் துளைபடுவது எப்படி? மருத்துவர் குழாயின் முனையைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு கையால் ஓட்டி, மறுகையால் தோலுக்கு மேலிருந்து தடவி உணர்கிறார். வயிற்றுச் சுவரில் பழைய அறுவைத் தழும்போ, தெரியாமல் இருந்த குடலிறக்கமோ இருந்தால் குழாய் அதன் வழியே உள்ளே இறங்கிவிடலாம். இதில் கொடுமை என்னவென்றால், வயிற்றில் லைப்போசக்‌ஷன் செய்தவருக்கு வயிறு வலிக்கத்தானே செய்யும்? அதனால் வலியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் ஏறி, வயிறு கல்லாக விறைத்த பிறகுதான் சந்தேகம் வருகிறது. நாளாக ஆக வலி குறைய வேண்டும். கூடினால் அது இயல்பில்லை.

தொற்றும் குறைவுதான், நூற்றில் ஒருவருக்கும் கீழே. ஆனால் வரும் ஒன்றிரண்டு வகை பயங்கரமானவை. ஒன்று, தோலுக்கு அடியிலுள்ள சவ்வை மணிக்கணக்கில் அழுகச் செய்யும் தொற்று. வெளியே தெரியும் சிவப்பு கொஞ்சமாக இருக்கும், வலியோ தாங்க முடியாததாக இருக்கும். இன்னொன்று எதிர்த்துருவம்: காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளால் வருவது. சிகிச்சை முடிந்து வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் கழித்து, துளை போட்ட இடத்தைச் சுற்றி முண்டுமுண்டாகக் கட்டி வரும், சீழ் வடியும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். 2003-04இல் டொமினிகன் குடியரசுக்குப் போய் அழகியல் அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பியவர்களிடம் இந்தத் தொற்று கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கருவிகளையும் தண்ணீரையும் சுத்தமாக வைத்துக்கொள்ளாத இடங்களில் இது வர வாய்ப்பு அதிகம்.

அதற்கப்புறம்: உயிருக்கு இல்லை, மனசுக்கு

மேலே சொன்னவை அரிது. அடிக்கடி நடப்பவை வேறு. வீக்கமும் கன்றிப்போன நீலமும் எல்லோருக்கும் வரும். அவற்றைச் சிக்கல் என்றே சொல்ல முடியாது. இறுக்கமான பிரத்தியேக உடுப்பை வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டியதும் இதனால்தான். காலியான இடத்தில் நீர் கோத்துத் ததும்பலாம். ஊசி வைத்து உறிஞ்சி எடுப்பார்கள், சிலருக்குத் திரும்பத் திரும்ப. தோல் நரம்புகள் அடிபட்டு மரத்துப்போவது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். லேசர், அல்ட்ராசவுண்ட் கருவிகளால் கொழுப்பை இளக்கி எடுக்கும் முறைகளில் தோல் உள்ளிருந்தே வெந்துபோகும் ஆபத்து கூடுதலாக உண்டு.

மிக அதிகமான புகார் மேடுபள்ளம். குழாய் ஓடிய தடம் தோலில் வரிவரியாகத் தெரிவது, ஒரு பக்கம் மட்டும் குழிவது, இரண்டு தொடையும் ஒத்துப்போகாமல் இருப்பது. தோலை ஒட்டிய மெல்லிய கொழுப்பு அடுக்கை விட்டுவைக்க வேண்டும். பேராசையில் அதையும் சுரண்டினால் தோல் தசையோடு ஒட்டி இழுத்துக்கொள்ளும். உடலின் வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து வைத்துச் சரிசெய்யலாம் என்றாலும், தழும்பேறிய இடத்தில் மறுபடி வேலை செய்வது முதல் தடவையைவிடக் கடினம். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம்கூட ஆகும் என்பதால் அதுவரை பொறுத்துப் பார்க்கத்தான் சொல்வார்கள். இன்னொன்று, இது கொழுப்பை எடுக்கும் சிகிச்சை, தோலை எடுப்பதில்லை. பிரசவத்திலோ, வயதாலோ, நிறைய எடை குறைந்ததாலோ தோல் தளர்ந்திருந்தால், உள்ளே இருந்த கொழுப்பும் போனதும் அது முன்பைவிடத் தொங்கும்.

அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று. இது எடை குறைக்கும் சிகிச்சையே இல்லை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் உடல் பருமனுள்ள 15 பெண்களிடமிருந்து ஆளுக்கு ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துச் சோதித்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. உடல்நலத்துக்குக் கெடுதி செய்வது முக்கியமாகக் குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, அதைக் குழாய் தொடவே தொடாது. 2011இல் கொலராடோவில் 32 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தொடையில் கொழுப்பு எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் மொத்தக் கொழுப்பு பழைய அளவுக்கே வந்துவிட்டிருந்தது. தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றுப் பக்கமும் மேலுடம்பிலும் போய்ச் சேர்ந்திருந்தது.

"கத்தியே வேண்டாம், குளிர வைத்துக் கரைக்கிறோம்" என்கிற முறையும் ஆபத்தே இல்லாததில்லை. குளிர்வித்த இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதில் கெட்டியாகிப் பெருத்துவிடுவது அரிதாக நடக்கும். லிண்டா எவாஞ்சலிஸ்டா என்ற புகழ்பெற்ற மாடல் தனக்கு இப்படி ஆனதாக 2021இல் வெளியே சொன்ன பிறகுதான் உலகம் இதைப் பேசத் தொடங்கியது. அதைச் சரிசெய்யும் வழிகளில் ஒன்று, வேடிக்கை பாருங்கள், லைப்போசக்‌ஷன்.

செய்துகொள்வது என்று முடிவானால்

எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆரோக்கியமான ஒருவர், உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் அசையாத ஓரிரு இடங்களில் அளவான கொழுப்பை, பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரிடம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பான அறுவைகளில் ஒன்றுதான். கேட்க வேண்டியதைக் கேட்க வெட்கப்படக் கூடாது. என் எடைக்கு எத்தனை மில்லிகிராம் லிடோகெயின் கொடுக்கப்போகிறீர்கள்? எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? மயக்க மருத்துவர் முழு நேரமும் கூட இருப்பாரா? நிலைமை மோசமானால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்? இரவு இரண்டு மணிக்கு நான் போன் செய்தால் யார் எடுப்பார்கள்? இவற்றுக்கு எரிச்சல்படுகிறவரிடம் உடலைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

நம் பக்கமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு: ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மாத்திரை, வைட்டமின் ஈ, மூலிகைச் சரக்குகள், புகைப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் கட்டி வந்தது. "மூலிகைதானே" என்று விட்டுவிடுவதில் சில ரத்தப்போக்கைக் கூட்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ, மனக்குழப்பம், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், உதடு மரத்துப்போதல். இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட விஷயத்தைத்தான். பலர் இதை வீட்டில்கூடச் சொல்லாமல் செய்துகொள்கிறார்கள். குழப்பத்தில் பேச முடியாமல் கிடக்கும் ஒருவரின் உடலில் நாலு சின்னப் பிளாஸ்திரியைப் பார்த்து, பணியில் இருக்கும் மருத்துவர் என்ன நடந்தது என்று ஊகிக்கவா முடியும்? என்றைக்கு, எங்கே, எத்தனை லிட்டர் எடுத்தார்கள், எவ்வளவு மருந்து ஏற்றினார்கள், மருத்துவரின் போன் எண் என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அன்றிரவு கூடப் படுக்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.